தூங்கவைத்த வேர்கள்

குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்ட குழந்தைக்கு முடி முளைக்கவில்லை. பத்து நாளில் கறுத்துவிடும், ஒரு மாதத்தில் பம்மென்று வந்துவிடும் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொன்னது. மாதம் போயிற்று. குழந்தை இளவெயினியின் தலை துடைத்து வைத்த வெண்கலச் சொம்பு மாதிரி அப்படியே இருந்தது. புருவம் வேறு மெலிந்துகொண்டே வந்தது.

முடி போனால் போகிறது, அது ஒன்றும் உயிரை வாங்காது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்திய காதுப் புண்ணும் ஆறவில்லை என்பதுதான் வீட்டாருக்குப் பயத்தைக் கொடுத்தது. மொட்டை போடும்போது குழந்தை திமிறியதில் பின்னந்தலையில் கத்தி ஒரு கீறல் போட்டிருந்தது. மஞ்சளை அப்பிவிட்டு அதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அந்தக் கீறல் இப்போதும் நேற்றுப் பட்டது போலத் திறந்து கிடந்தது. ஓரத்தில் நீர் கசிய ஆரம்பித்திருந்தது.

திருப்பூரில் பார்த்த டாக்டர் படை என்று ஒரு மருந்தும், சத்துக் குறைவு என்று ஒரு சொட்டு மருந்தும் கொடுத்தார். பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர், கிடா வெட்டில் ஏதோ குறை வைத்துவிட்டீர்கள், சாமி கோபித்துக்கொண்டது என்றார். விண்வெளிக்குச் சுற்றுலா போய்வருகிற காலம் வந்தாலும் கிடாவைப் பற்றிய கணக்கு மட்டும் நம்மவர்களுக்குத் தப்புவதில்லை. குழந்தையின் அம்மா யாழினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுடைய பயம் வேறு.

அந்தப் பயம் அவள் குளியலறை அலமாரியில் ஒரு பீங்கான் சாடிக்குள் இருந்தது. கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் கலந்த நலங்குக் கலவை என்றுதான் அதைப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நிறமும் வாசனையும் அப்படித்தான் இருக்கும். அவளுடைய அம்மா மாதா மாதம் குழாயிலிருந்து பிதுக்கி, மஞ்சள் குழைத்து, முறுக்கோடும் அதிரசத்தோடும் பிறந்த வீட்டுச் சீராக அனுப்பிவைப்பது அது. உள்ளே இருப்பது டாக்டர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கிற க்ரீம்.

கர்ப்பப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லப்பட்ட வயதிலிருந்தே யாழினிக்குத் தாடையிலும் மேலுதட்டிலும் முடி வளர ஆரம்பித்திருந்தது. பெண்களுக்கு இப்படி வேண்டாத இடத்தில் வளரும் முடிக்கு முன்பும் ஒரு க்ரீம் இருந்தது. அது வளர்ச்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். முளைப்பது முளைத்துக்கொண்டேதான் இருக்கும். புதிதாக வந்தது அப்படியில்லை. அது முடியின் வேரையே தூங்கவைத்தது. தூங்கிய வேர் பக்கத்து வேரையும் தூங்கச் சொல்லும். மிளகளவு தொட்டு வைத்தால் போதும், தாடை முழுக்கத் தானே பரவும். தாடை எலும்பின் விளிம்பு வந்ததும் பெரியவர்களின் தோல் அதை நிறுத்திவிடும். தினமும் தடவினால் கண்ணாடியில் கன்னம் மினுமினுக்கும். சில நாள் விட்டால் பழைய குருடி கதவைத் திறடி. சில வருடங்களில் ஊரில் பாதிப் பெண்கள் அதற்கு மாறியிருந்தார்கள். ஒருத்தி கூட இன்னொருத்தியிடம் சொன்னதில்லை.

சீட்டு வாங்கத் திரையில் முகத்தைக் காட்டினால் போதும், யாழினியின் க்ரீம் அவள் அம்மா வீட்டு முகவரிக்குப் போய்விடும். திரையிலிருக்கும் டாக்டர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேட்பார், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று. இருக்கிறது என்றால் குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை க்ரீமை நிறுத்திவிடுவார்கள். யாழினி இல்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டுத் தொட்டிலில் கிடந்த மகளைத் திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை.

பொய் சொன்னாளே தவிர அஜாக்கிரதையாக இருக்கவில்லை. தடவினால் காயும்வரை குழந்தையைத் தூக்க மாட்டாள். தூக்கினாலும் முகத்தை அப்பால் திருப்பிக்கொள்வாள். பெற்ற பிள்ளையின் கன்னத்தில் அவள் ஒரு தடவை கூடத் தன் கன்னத்தை வைத்ததில்லை. கணவன் கவின் சில சமயம் கேலி செய்வான், முத்தம் கொடுக்க இவ்வளவு யோசிக்கிற அம்மாவை இப்போதுதான் பார்க்கிறேன் என்று. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, முகம் பளிங்காட்டம் இருக்குது என்று தன் தாயிடம் சொன்னவன் அவன். நல்லவன்தான். பனியன் கம்பெனியில் சாய மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன், ஒரு நிறம் துளி மாறினாலும் கண்டுபிடித்துவிடுவான். அந்தக் கண்ணுக்குத்தான் யாழினி பயந்தாள்.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைகளின் தோல் நோய்க்கென்றே இருந்த டாக்டர் பர்வீன், கீறலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். அறையில் கவினும் அவனுடைய அம்மா மஞ்சுளாவும் யாழினியும் இருந்தார்கள். மஞ்சுளா ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். சேலை மடிப்புக் கலையாமல் நேராக உட்காருகிறவள், எதிரில் இருப்பவரையும் அப்படியே உட்காரவைக்கிறவள்.

“நமக்கு அடிபட்டா புதுத் தோல் எங்கேருந்து வருது தெரியுமா?” என்று டாக்டர் கேட்டார். “பெரும்பாலும் முடி வேர்லேருந்துதான். இந்தக் குழந்தையோட வேர் எல்லாமே தூங்குது. அதனாலதான் முடியும் வரல, புண்ணும் ஆறல. இப்படித் தூங்கவைக்கற மருந்து எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். வீட்ல யாராவது முகத்துக்குப் போடறீங்களா? சொல்லாம விட்டீங்கன்னா நான் இருட்டுல தேடணும். அதுக்குள்ள கிருமி ரத்தத்துல ஏறிடும்.”

யாழினியின் பக்கத்தில் கவின், வீட்டில் யாரும் போடுவதில்லை என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் கட்டிக் காத்த முகம் ஒரு பக்கம், மடியில் அனலாய்க் கொதிக்கும் பிள்ளை ஒரு பக்கம். யோசிக்க ஒன்றும் இல்லைதான். ஆனாலும் அவள் யோசித்தாள். அந்த ஒரு நிமிடத்தை நினைத்துப் பிற்பாடு அவள் அழாத நாளில்லை.

“என்னாலதானுங்க டாக்டர்,” என்றாள். “நாந்தான் மஞ்சச் சாடிக்குள்ள ஒளிச்சு வெச்சுப் போடறேன். கைக்குழந்தை இல்லைன்னு பொய் சொல்லி வாங்கினேன். என்ற மூஞ்சி பட்டுத்தான் புள்ளைக்கு இப்படி ஆயிருச்சு.”

கவின் திரும்பி அவள் தாடையைப் பார்த்தான். திட்டவில்லை. பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

டாக்டர் மறுத்தார். முகம் பட்டு ஒட்டினால் காசளவு இடம் தூங்கும், அவ்வளவுதான். இது தலையிலிருந்து கணுக்கால் வரை தூங்குகிறது. பெரியவர்களின் தோல் மாதிரி எங்கே நிறுத்துவது என்று குழந்தையின் தோலுக்குத் தெரியாது என்பது உண்மைதான், ஆனாலும் இவ்வளவு பரவ வேண்டுமென்றால் யாரோ தினமும் அளந்து தேய்த்திருக்க வேண்டும் என்றார்.

“நாந்தான் தேச்சேன்,” என்றாள் மஞ்சுளா.

கவின் பதறிக்கொண்டு டாக்டரிடம் விளக்க ஆரம்பித்தான். பெண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது கஸ்தூரி மஞ்சள் தேய்ப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம், சின்னதில் தேய்த்தால் பெரிதானபின் முகத்தில் முடி வராது என்பார்கள், அம்மா சாடியைப் பார்த்து மஞ்சள் என்று நினைத்திருப்பார்கள் என்றான். தப்பித்துக்கொள்ள நல்ல வழிதான். பெற்ற மகனே திறந்துவிட்ட கதவு. மஞ்சுளா அதில் நுழையவில்லை.

“மஞ்சள்னு நெனைக்கலடா,” என்றாள். “க்ரீமுன்னு தெரிஞ்சுதான் தேச்சேன்.”

பிறகு அவள் சொன்னதெல்லாம் யாழினியைப் பார்த்துச் சொன்னது. பிரசவத்தில் யாழினி ஜன்னி கண்டு நினைவில்லாமல் தீவிர சிகிச்சையில் கிடந்தாள் அல்லவா, அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மஞ்சுளா. க்ரீம் இல்லாத சில நாளிலேயே மருமகளின் தாடையில் கருகருவென்று முளை கிளம்பியது. பிறந்த வீட்டுச் சாடியில் வருவது வெறும் மஞ்சள் இல்லை என்று மஞ்சுளாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. மஞ்சுளா நர்ஸை வெளியே அனுப்பிவிட்டுக் கைப்பையிலிருந்து முடி பிடுங்குகிற நூலை எடுத்தாள். மகன் பார்க்க வருவதற்குள் ஒவ்வொரு நாளும் நூல் போட்டு அந்த முகத்தைச் சுத்தம் செய்துவைத்தாள். கைப்பையில் எதற்கு நூல் என்று யாரும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“வயசுக்கு வந்ததுலேர்ந்து புடுங்கறேன் யாழினி. இன்னிக்குக் காத்தால கூடப் புடுங்கிட்டுத்தான் வந்தேன். பள்ளிக்கூடத்துல எனக்கு மீசை டீச்சர்னு பேரு. கரும்பலகைப் பக்கம் திரும்பினா பின்னால சிரிப்புச் சத்தம் கேக்கும். எங்க காலத்துல இந்த க்ரீம் இல்ல. உனக்காவது இருக்குதேன்னு சந்தோசப்பட்டேன். புள்ளைக்கு அதுகூட வேண்டாம், முளைக்காமலே போயிரட்டும்னு நெனச்சேன். மஞ்சளே சின்னதுல தேச்சா கேக்குதுன்னா இது எவ்வளவு கேக்கும்? கணக்குச் சரியாத்தானே இருந்துது.”

யாழினிக்கு அவள் மேல் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் நினைவில்லாத தன் முகத்தின் மேல் ஓடிய அந்த நூலை நினைத்ததும் கோபம் நிற்க இடமில்லாமல் தவித்தது. ஒரே வீட்டில், ஒரே குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பெண்கள் ஒரே ரகசியத்தை மாற்றி மாற்றி ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருத்தி வாயைத் திறந்திருந்தாலும் போதும், குழந்தை காய்ச்சலில் கிடந்திருக்காது.

டாக்டருக்கு வருத்தப்பட நேரமில்லை. பெரியவர்களின் வேர் மருந்தை நிறுத்தினால் தானே விழித்துக்கொள்ளும், குழந்தையின் வேர் விழிக்காது, அதை எழுப்ப ஒரு வழி இருக்கிறது என்றார். விழித்திருக்கும் வேர்களை எடுத்துக் குழந்தையின் தோலில் பதிக்க வேண்டும். தூக்கம் பரவியது போலவே விழிப்பும் பரவும். தலைமுடி வேர் இதற்கு உதவாது, அது சோம்பேறி. யாரும் கூப்பிடாமலே பிடிவாதமாக முளைத்து வருகிற வேர் வேண்டும். அதாவது ஒரு பெண்ணின் தாடையில் வளர்கிற முடி, அதுவும் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும். ஆணின் வேரைப் பெண் குழந்தையின் உடம்பு தள்ளிவிடும்.

யாழினி தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எடுக்க முடியாது, வருடக் கணக்காகப் போட்ட மருந்து வேருக்குள் ஊறியிருக்கும், வேரோடு தூக்கமும் குழந்தைக்குப் போய்விடும் என்றார் டாக்டர். அவளுடைய அம்மா, சித்தி, அக்கா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். யாழினி போன் போட்டு, க்ரீம் போடுகிறீர்களா என்று கேட்டாள். முதலில் எல்லாரும் இல்லை என்றார்கள், குழந்தையின் நிலைமையைச் சொன்னதும் எல்லாரும் ஆமாம் என்றார்கள். அவள் அம்மாவும் போட்டுக்கொண்டிருந்தாள். மகளிடமே மறைத்திருக்கிறாள்.

“க்ரீமே போடாத பொம்பளை நான் ஒருத்திதான் போலிருக்குது,” என்றாள் மஞ்சுளா. “என்னோடதை எடுத்துக்கோங்க.”

டாக்டர் உடனே சரி என்று சொல்லவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எழுப்புகிற வேர் எப்படிப்பட்டதோ எழும்புகிற வேரும் அப்படித்தான் இருக்கும் என்றார். குழந்தைக்குப் புண் ஆறும், தலையில் முடி வரும். கூடவே முகத்திலும் வரும், சிறு வயதிலேயே.

“இவளுக்கு இயற்கையா வந்திருக்குங்களா?” என்று யாழினி கேட்டாள்.

“அதைச் சொல்ல முடியாதும்மா. வராமலே இருந்திருக்கலாம். இனிமே கண்டிப்பா வரும்.”

மஞ்சுளா எழுந்து வெளியே போனாள். யாழினி பின்னாலேயே போனபோது நடையில் சுவரோரமாக நின்றிருந்தாள். என்னால் முடியாது, வேறு யாராவது கிடைப்பார்களா பார் என்றாள். எது இந்தப் பிள்ளைக்கு வரக்கூடாது என்று பாவி நான் தேய்த்தேனோ அதையே என் தாடையிலிருந்து பிடுங்கிக் கொடுப்பதா, பெரியவளானபின் இது யார் கொடுத்தது என்று கேட்டால் எந்த முகத்தைக் காட்டுவேன் என்று கேட்டாள். கணக்கு டீச்சரின் நிமிர்ந்த தோள்கள் குலுங்கின. யாழினிக்கு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை.

“கேக்கறதுக்கு அவ உசுரோட இருக்கோணும் அத்தை,” என்றாள்.

மஞ்சுளா கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குத் திரும்பினாள். வேர் முற்றிவர வேண்டும், அதுவரை நூல் போடக் கூடாது, பிடுங்கக் கூடாது, சிரைக்கக் கூடாது என்றார்கள். குழந்தையைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மருந்தால் காய்ச்சலைப் பிடித்து நிறுத்தினார்கள். மஞ்சுளா அதற்கு வெளியே உட்கார்ந்து தாடி வளர்த்தாள். பெரிய பெரிய சாதனையெல்லாம் செய்த பெண்களுக்குக் கூட அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படி உட்காரத் தைரியம் வராது. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீசையும் தாடியும் நரையும் கறுப்புமாக வந்தன. மடிப்புக் கலையாத சேலைக்கு மேலே அந்த முகத்தைப் பார்க்க யாழினிக்கே ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது. பழைய மாணவி ஒருத்தி வணக்கம் டீச்சர் என்று வந்தவள், பாதியில் சொல்லை விழுங்கிக்கொண்டு, குழந்தையைப் பற்றி விசாரிக்காமலே போய்விட்டாள். மஞ்சுளா முந்தானையை வாயருகே கொண்டுபோய், பிறகு என்ன நினைத்தாளோ, கீழே விட்டுவிட்டாள்.

யாழினியும் சாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அந்த மருந்து இனி குழந்தை இருக்கும் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. அவள் தாடையும் கறுத்தது. கவின் தினமும் வந்தான், சாப்பாடு வாங்கி வந்தான், இருவரிடமும் தன்மையாகவே பேசினான். பேசும்போது அவன் கண் அவர்களுடைய நெற்றிக்குக் கீழே இறங்கவில்லை.

வேர்களை எடுத்துப் பதித்தார்கள். அதன்பின் காத்திருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, காத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு காலையில் டாக்டர் பர்வீன் கூட்டுக்குள் குனிந்து பார்த்துவிட்டு யாழினியைக் கூப்பிட்டார். தலையில் இன்னும் ஒன்றுமில்லை. குழந்தையின் மேலுதட்டில்தான் முதலில் வந்திருந்தது, மை தொட்டு இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு. பின்னந்தலைக் கீறலின் வாய் மூடியிருந்தது. இனிப் பயமில்லை என்றார் டாக்டர். யாழினி அழுதாள். பிள்ளை பிழைத்தாள் என்றுதான் அழுதாள், அந்தக் கோட்டைப் பார்த்தும் அழுதாள். மஞ்சுளா கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றாள், உள்ளே வரவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் அன்றைக்கு டாக்டர் மருந்து, சாப்பாடு எல்லாம் சொல்லி முடித்தார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். கவின் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சில வாரங்களில் அவன் இளைத்துத் துரும்பாகியிருந்தான். அவனுக்குக் குழந்தை மேல் உயிர், அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

“ஒண்ணே ஒண்ணுங்க டாக்டர்,” என்றான் தயங்கிக்கொண்டே. “இவ பெரியவளானப்புறம் அந்த க்ரீம் போடலாமுங்களா?”

டாக்டர் அவனை ஒரு கணம் பார்த்தார். ஆயுசுக்கும் கூடாது, ஒரு தடவை பட்டாலும் எல்லா வேரும் மறுபடி தூங்கிவிடும், பிறகு எழுப்ப முடியாது என்று சொன்னார். கவின் சரிங்க என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. யாழினிக்கு அதுதான் தாங்கவில்லை. அவனிடம் மறைத்தது தப்பு என்று இத்தனை நாளாகத் தன்னைத் தானே அடித்துக்கொண்டிருந்தாள். மறைத்திருக்காவிட்டாலும் அவன் இதே கேள்வியைத்தான், இதே அன்போடு கேட்டிருப்பான்.

திரும்பும்போது வண்டி தானே ஓடியது. ஓட்டுகிற வேலை இருந்தால் யாராவது ஒருவர் சாலையைப் பார்க்கிற சாக்கில் இருந்திருக்கலாம். இப்போது எல்லாரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கவின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வண்டி அவிநாசியைத் தாண்டியது. குழந்தை விழித்துக்கொண்டு கையை ஆட்டியது. மஞ்சுளா, வேர் பதித்ததிலிருந்து குழந்தையைத் தொடாமலே இருந்தவள், கையை நீட்டி வாங்கி மடியில் படுக்கவைத்துக்கொண்டாள்.

“உன்னயப் பாத்துச் சிரிப்பாங்க சாமி,” என்றாள் குழந்தையிடம், நல்ல தெளிவான குரலில், வகுப்பில் பாடம் சொல்கிறவள் போல. “பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க, பஸ்ல சிரிப்பாங்க. என்னயப் பாத்தும் சிரிச்சாங்க. இப்படிச் சிரிப்பாங்கன்னு எனக்கு யாரும் முன்னாலயே சொல்லல. அதனால நான் ஏதோ தப்புப் பண்ணிப்போட்டேன்னு நெனச்சுக்கிட்டேன். நீ ஒரு தப்பும் பண்ணல. அவுங்க சிரிக்கறப்ப நீ...”

அங்கே அவளுக்கு வாக்கியம் நின்றுவிட்டது. குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மஞ்சுளா எதிரில் இருந்த மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்புறம் என்னன்னு சொல்லோணும் யாழினி?” என்று கேட்டாள்.

யாழினி வாயைத் திறந்தாள். தன் அம்மா தனக்கு என்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தாள். யாழினிக்கும் யாரும் எதையும் சொன்னதில்லை.